கட்டில், நாற்காலி, சுவர்

ராயபுரத்தில் தொடங்கி காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், கத்திவாக்கம் என்று எண்ணூர் வரை நீளும் கடலோரத்தில் பெரும்பாலான வேலைகள் உடம்பை வைத்துச் செய்கிற வேலைகள். எண்ணூரில் 1948-ல் மோட்டார் கம்பெனியாகத் தொடங்கி அசோக் லேலண்டாக வளர்ந்த ஆலை, 1950-களில் திருவொற்றியூருக்கு வந்த என்ஃபீல்டு, டயர் தொழிற்சாலை, சாணைக்கல் தொழிற்சாலை, தீப்பெட்டித் தொழிற்சாலை, சரக்குத் துறைமுகங்கள், மீன்பிடித் துறைமுகம், அனல்மின் நிலையங்கள் எல்லாம் தலைமுறை தலைமுறையாக ஆட்களை நிற்க வைத்தும் குனிய வைத்தும் சுமக்க வைத்தும் வேலை வாங்கியிருக்கின்றன. சென்னைத் துறைமுகத்தில் 1983-ல் கன்டெய்னர் முனையம் வருவதற்கு முன்னால் எவ்வளவோ சரக்கு மூட்டையாகவே வந்தது. மனித முதுகில் ஏறித்தான் இறங்கியது. அன்றைய இளைஞர்களுக்கு இன்று அறுபதும் எழுபதும் வயது. இடுப்பு வலி, முட்டித் தேய்மானம், ‘ஜவ்வு விலகிடுச்சு’ என்று ஸ்கேன் உறையோடு அலைவது, சர்க்கரை நோயோடு சேர்ந்து வரும் தோள்பட்டை இறுக்கம், பாதம் மரத்துப்போவது எல்லாம் இங்கே வீட்டுப் பேச்சு. இவர்களிடம் யாராவது “யோகா பண்ணுங்க” என்று சொன்னால், ஜூன் 21 யோகா தினத்தன்று டி.வி.யில் காட்டும் வளைந்த உடல்கள்தான் கண்முன் வருகின்றன. சம்மணம் போட்டு உட்காரவே முடியாத தனக்கு அது எப்படி ஆகும் என்று கேட்டு அதோடு விட்டுவிடுகிறார்கள். துணிந்து பொது வகுப்புக்குப் போகிறவர்களில் சிலர், இருந்த வலி கூடி வீடு திரும்புகிறார்கள்.

வலியும் அசைவுக் குறைவும் உள்ள ஒருவருக்கு ஆசனத்தை மாற்றிக் கொடுப்பதை நாம் ஒரு சலுகையாகவே பார்க்கிறோம். முழுசாகச் செய்ய முடியாதவருக்கு அரைகுறையாக ஒன்று, குணமானதும் ‘உண்மையான’ யோகாவுக்கு ஏறிவிடலாம் என்ற எண்ணம் பல ஆசிரியர்களிடமும் உண்டு. என் கருத்து இதற்கு நேர் எதிர். அப்படி மாற்றிக் கொடுப்பதுதான் சிகிச்சை. அதைச் செய்யாமல் கற்றுக்கொடுக்கப்படும் ஆசனம் நலமாக இருக்கிறவருக்கு உடற்பயிற்சியாகலாம். நோயாளிக்கு அது வெறும் சோதனை. இதைச் சொல்ல வரலாற்றிலும் ஆதாரம் இருக்கிறது, ஆராய்ச்சியிலும் இருக்கிறது.

வரலாற்றை முதலில் பார்ப்போம். நாற்காலியில் உட்கார்ந்து செய்வது வெளிநாட்டுக்காரர்கள் கண்டுபிடித்த நீர்த்த யோகா என்று சொல்கிறவர்கள் சென்னையின் சொந்த யோக மரபை மறந்துவிடுகிறார்கள். மைசூர் அரண்மனையில் இளைஞர்களைத் தாவவும் வளையவும் வைத்துக் கடுமையாகப் பயிற்சி கொடுத்த திருமலை கிருஷ்ணமாச்சாரியார், 1950-களின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்து குடியேறினார். அப்போது அவர் அறுபதைத் தாண்டியவர். பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட ஒரு சட்ட அறிஞருக்குச் சிகிச்சை தரவே அவர் இங்கே அழைக்கப்பட்டார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. மைசூரில் சொல்லிக்கொடுத்ததை அப்படியே பக்கவாத நோயாளியிடம் கொண்டுவர முடியாது. அதன் பிறகு சென்னையில் அவர் செய்த வேலையின் சாரமே ஆளைப் பார்த்துப் பயிற்சியை வகுப்பதுதான்: வயது என்ன, தொழில் என்ன, உடம்பில் எந்த இடம் பலவீனம், மூச்சு எவ்வளவு நீளம் போகிறது என்று பார்த்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. தொண்ணூற்றாறு வயதில் இடுப்பெலும்பு முறிந்தபோது அறுவை சிகிச்சையை மறுத்து, படுக்கையிலேயே செய்யக்கூடிய பயிற்சியைத் தனக்கே வகுத்துக்கொண்டார் என்பதும் அவரைப் பற்றிப் பதிவாகியிருக்கிறது. (இடுப்பெலும்பு முறிந்தவர்கள் அறுவை சிகிச்சையை மறுக்க இதை முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. படுக்கையும் பயிற்சிக்கான இடம்தான் என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.) பொறியியல் படித்த அவருடைய மகன் டி.கே.வி. தேசிகாச்சார் 1976-ல் சென்னையில் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தைத் தொடங்கி, ஒரு ஆசிரியர் ஒரு நோயாளி என்ற முறையையே அதன் அடித்தளமாக்கினார். கிருஷ்ணமாச்சாரியாரிடம் பயின்று புனேயில் நிலைபெற்ற பி.கே.எஸ். அய்யங்கார், நாற்காலி, கட்டை, பெல்ட், சுவரில் கட்டிய கயிறு ஆகியவற்றை வைத்து, உடம்பு எட்டாத இடத்துக்குப் பொருள்களை எட்ட வைத்தார். ஆக, மாற்றிக் கொடுப்பது மரபை மீறுவதாகாது. நம் ஊரில் முதுமை வரை யோகா கற்பித்தவர்கள் கண்ட முதிர்ச்சி அது. பதஞ்சலியே ஆசனத்துக்குக் கேட்பது உறுதியும் இதமும்தான்; காலை எவ்வளவு மடக்க வேண்டும் என்ற அளவு எதையும் அவர் வைக்கவில்லை.

அடுத்து வலி. இந்தப் பகுதியில் வலியைப் பற்றிப் பரவலாக இருக்கும் நம்பிக்கை, வலி இருக்கிற அளவுக்கு உள்ளே சேதம் இருக்கிறது என்பது. ஸ்கேன் அறிக்கையில் ‘தேய்மானம்’ என்ற சொல் வந்துவிட்டால், இனி குனிந்தால் எலும்பு இன்னும் தேயும் என்று பயந்து அசைவதையே குறைத்துக்கொள்கிறார்கள். ஆனால் முதுகுவலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் வெளிவந்த ஒரு கணக்கு, இருபது வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும், எண்பது வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கும் முதுகெலும்பின் ஜவ்வில் தேய்மானம் தெரிந்ததாகச் சொல்கிறது. நரைமுடி போல வயதோடு வருவதைப் பல சமயம் நோய் என்று படிக்கிறோம். காயம் பட்ட புதிதில் வலி ஒரு எச்சரிக்கை. அதை மதிக்க வேண்டும். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நீடிக்கும் வலியில் பெரும்பாலும் நரம்பு மண்டலமே அளவுக்கு மீறி உஷாராகிவிட்டிருக்கும். சின்ன அசைவைக்கூட அது ஆபத்தாகக் கணக்கிடுகிறது. வலிக்கும் என்ற பயத்தில் அசையாமல் இருந்தால் தசை மெலிகிறது, மூட்டு இறுகுகிறது, உறக்கம் கெடுகிறது, அடுத்த முறை அசையும்போது வலி முன்னைவிடக் கூடுதலாகத் தெரிகிறது. இந்தச் சுழலை உடைக்க வேண்டுமானால், இந்த அசைவில் ஆபத்தில்லை என்று உடம்புக்கு மீண்டும் மீண்டும் நிரூபித்துக் காட்ட வேண்டும். வலியைத் தாண்டிப் பல்லைக் கடித்துக்கொண்டு செய்யும் ஆசனம் இதைக் கெடுத்துவிடும், ஏனென்றால் பயந்தது சரிதான் என்றே நரம்புகள் கற்றுக்கொள்கின்றன. மூச்சோடு சேர்த்து, வலியின் எல்லைக்குச் சற்று முன்னாலேயே நின்று திரும்பிவரும் சின்ன அசைவுதான் அந்தப் பாடத்தை மாற்றி எழுதும்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்பதை மிகைப்படுத்தாமல் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் யோகா எல்லாவற்றையும் குணப்படுத்தும் என்று விற்கிற கூட்டம் பெரிது. நாள்பட்ட இடுப்புவலிக்கு யோகா உதவுமா என்று காக்ரேன் அமைப்பு 2017-ல் தொகுத்து, 2022-ல் புதுப்பித்த மதிப்பாய்வு, 21 ஆய்வுகளில் 2,223 பேரைக் கணக்கில் எடுத்தது. எந்தப் பயிற்சியும் செய்யாதவர்களைவிட யோகா செய்தவர்களுக்கு அன்றாட வேலை செய்யும் திறன் ஓரளவு மேம்பட்டது, வலியும் ஓரளவு குறைந்தது. ஆனால் அந்த மேம்பாடு சிறியது. முதுகுக்கான மற்ற பயிற்சிகளோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசமில்லை. சும்மா இருந்தவர்களைவிட யோகா செய்தவர்களிடம் பக்கவிளைவுகள் கூடுதல். பெரும்பாலும் முதுகுவலி கூடியதுதான் அது. இதைவிடப் பொருத்தமான ஆய்வு ஒன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்தது. வருமானம் குறைந்த, நாள்பட்ட இடுப்புவலி உள்ள 320 பேரைப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வாரம் ஒருமுறை யோகா வகுப்பும், இன்னொன்றுக்கு ஃபிசியோதெரபியும், மூன்றாவதற்குப் புத்தகமும் கொடுத்தார்கள். 2017-ல் வெளியான முடிவுப்படி யோகா ஃபிசியோதெரபிக்குச் சளைத்ததாக இல்லை. அதற்கு முன் 2011-ல் 228 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வில், யோகாவும் சாதாரண ஸ்ட்ரெச்சிங் பயிற்சியும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தந்தன.

யோகாவை நேசிக்கிறவர்கள் இந்தக் கடைசி முடிவைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். எனக்கு இதுதான் மிகவும் நம்பிக்கை தருகிற முடிவு. ஒரு குறிப்பிட்ட ஆசனத்தின் வடிவத்துக்குள்தான் மருந்து இருக்கிறது என்றால், அந்த வடிவத்துக்குப் போக முடியாதவருக்கு மருந்தே இல்லை என்றாகிவிடும். யோகாவும் ஸ்ட்ரெச்சிங்கும் ஃபிசியோதெரபியும் ஏறக்குறைய ஒரே பலனைத் தருகின்றன என்றால், பலன் வடிவத்திலிருந்து வரவில்லை. தொடர்ந்து, படிப்படியாக, பயமில்லாமல், கவனத்தோடு அசைவதிலிருந்து வருகிறது. அப்படியானால் வடிவத்தை எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றலாம். இடுப்பு, முட்டி, கணுக்கால், பாதம் ஆகிய இடங்களில் மூட்டுத் தேய்மானம் உள்ள முதியவர்கள் 131 பேரை வைத்து ஃப்ளோரிடாவில் நடந்து 2017-ல் வெளியான ஆய்வு இதை இன்னும் நேரடியாகச் சோதித்தது. நின்று செய்யும் பயிற்சி இயலாதவர்களுக்கு எட்டு வாரம், வாரம் இரண்டு முறை, நாற்காலியில் யோகா. வலி அவர்களுடைய அன்றாட வேலையில் குறுக்கிடுவது குறைந்தது. வகுப்பு முடிந்து மூன்று மாதம் கழித்தும் அந்தக் குறைவு நீடித்தது.

இனி, மாற்றுவது என்றால் எப்படி? நல்ல யோக சிகிச்சையாளர் “எங்கே வலிக்கிறது?” என்று கேட்டதோடு நிறுத்தமாட்டார். எதைச் செய்ய முடியாமல் இருக்கிறது என்று கேட்பார். காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து அன்னக்கூடையைத் தூக்கித் தெருத்தெருவாக விற்கும் பெண்ணுக்குக் குறிக்கோள், கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய்க் கூடையைப் பிடிப்பது. முந்தானையைத் தானே சரிசெய்துகொள்வது. வலிக்கும் தோள் பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்குவது. ஓய்வுபெற்ற லோடுமேனுக்கு, மாநகரப் பேருந்தின் முதல் படியில் கால் வைப்பது, இந்தியன் டாய்லெட்டில் உட்கார்ந்து எழுவது, பேரனைத் தூக்குவது. இந்தக் குறிக்கோளிலிருந்து பின்னோக்கிப் போய்த்தான் ஆசனத்தைத் தேர வேண்டும். உத்கடாசனம் எதற்கு இருக்கிறது? தொடையும் இடுப்பும் சேர்ந்து உடலைத் தாங்கி மேலே எழுப்ப. முட்டி தேய்ந்தவருக்கு அந்த வேலையை நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதே செய்துவிடும். சேது பந்தாசனத்தின் நோக்கம் பின்பக்கத் தசைகளை வலுப்படுத்தி இடுப்பைத் தாங்கச் செய்வது என்றால், கட்டிலில் முட்டியை மடக்கிப் படுத்து, மூச்சை வெளியே விட்டபடி இடுப்பை நாலு விரல் உயரம் தூக்கினாலே அது நடக்கும். வீரபத்ராசனத்தைச் சுவரில் இரண்டு கையையும் ஊன்றிச் செய்தால், பேருந்துப் படியில் ஏறத் தேவையான அத்தனை பயிற்சியும் அதில் இருக்கிறது.

பொருள்களைப் பற்றியும் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். வடசென்னையில் பல குடும்பங்களுக்கு வீடென்பது ஒரே அறை. பாய் விரித்துக் கையைக் காலை நீட்ட இடமிருக்காது. தரையில் உட்கார்ந்து எழுவதே பலருக்குப் பெரும்பாடு. இருப்பது கட்டில், பிளாஸ்டிக் நாற்காலி, சுவர், கதவு நிலை. அவை போதும். ஆனால் பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸ் தரையில் வழுக்கும். முதுகுப் பக்கம் சுவரை ஒட்டிப் போட்டே பயன்படுத்த வேண்டும். இரண்டு நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கினால் பலமும் கூடும், உட்காரும் உயரமும் கூடும். முட்டி வலிக்காரர் எழுவது எளிதாகும். முதலில் ஐந்து முறை எழுந்து உட்கார்ந்தால் போதும். சில வாரங்களில் சுலபமாகிவிட்டால் மேல் நாற்காலியை எடுத்துவிடலாம். உயரம் குறைந்ததே முன்னேற்றத்தின் அளவு. தோள் இறுகியவர் கட்டிலில் மல்லாந்து படுத்து, நல்ல கையால் வலிக்கும் கையைப் பிடித்து, மூச்சை உள்ளே இழுக்கும்போது மெல்ல மேலே கொண்டுபோய், வெளியே விடும்போது இறக்கலாம். படுத்திருப்பதால் தோளுக்குச் சுமை குறைவு. தோள் இறுக்கம் தொடங்கிய முதல் மாதங்களில் வலி கடுமையாக இருக்கும். அப்போது யாரும் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. அது தளர ஒன்று முதல் மூன்று ஆண்டுகள்கூட ஆகலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நேர்மை. இடுப்பு பிடித்திருப்பவருக்கு மிக எளிய நிலை, கட்டிலில் படுத்து இரண்டு கெண்டைக்காலையும் அடுக்கிய தலையணைகள் மேல் வைப்பது. தரையில் படுக்கிறவருக்கோ முதல் பாடமே எழுவதுதான்: ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி, தலையணை மேல் முட்டி வைத்து, நாற்காலியைப் பிடித்து எழ வேண்டும்.

இந்த அசைவுகளை யோகாவாக்குவது மூச்சு. தேசிகாச்சார் வழியில் வந்தவர்கள் ஒரு நிலையில் நிற்பதற்கு முன் அதற்குள் போய்ப் போய் வருவதைப் பல முறை செய்யவைப்பார்கள். அசைவு மூச்சுக்குள் தொடங்கி மூச்சுக்குள் முடிய வேண்டும் என்பார்கள். மூச்சு தடைப்பட்டால், அவசரப்பட்டால், அந்த அசைவு இன்றைக்கு அதிகம் என்று பொருள். அளவுகோல் உள்ளேயே இருப்பதால் அடுத்தவரைப் பார்த்துப் போட்டி போட வேண்டியதில்லை. நீண்ட வெளிமூச்சு இதயத் துடிப்பைத் தணித்து, வலிக்குப் பயந்து விறைத்திருக்கும் தசைகளையும் தளர்த்துகிறது. வலிக்கும் ஓர் அளவு வைத்துக்கொள்ளலாம். வலியே இல்லை என்பதற்குப் பூஜ்யம், தாங்கவே முடியாது என்பதற்குப் பத்து என்று வைத்தால், பயிற்சியின்போது இரண்டு மூன்று வரை கூடினால் பரவாயில்லை. மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை என்றால் முந்தைய நாள் செய்தது அதிகம். எண்ணிக்கையைப் பாதியாக்கி மறுபடி தொடங்க வேண்டும், விட்டுவிடக் கூடாது.

சில இடங்களில் மாற்றினால் மட்டும் போதாது, நிறுத்தியாக வேண்டும். மலமோ சிறுநீரோ கட்டுப்பாடில்லாமல் போவது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, காலில் பலம் நாளுக்கு நாள் குறைவது, காய்ச்சலோடும் எடை இழப்போடும் வரும் முதுகுவலி, விழுந்த பிறகு முதியவருக்கு வரும் புது வலி, இடது தோளுக்கோ தாடைக்கோ கைக்கோ பரவும் நெஞ்சு இறுக்கம் இவற்றில் எது வந்தாலும் யோகா ஆசிரியரைத் தேடாமல் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். பழைய ஆட்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லும் ஸ்டான்லி பக்கத்திலேயே இருக்கிறது. எலும்பு அடர்த்தி குறைந்த பெண்களை முன்னால் மடங்கிக் குனிய வைக்கக் கூடாது. முதுகெலும்பு ஏற்கனவே வலுவிழந்திருந்த 59 பெண்களை வைத்து 1984-ல் வெளியான ஒரு ஆய்வில், முன்னால் வளையும் பயிற்சி செய்தவர்களில் 89 சதவீதம் பேருக்குப் புதிதாக முறிவுகள் தெரிந்தன. பின்னால் நிமிரும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதம் பேருக்குத்தான். சின்ன ஆய்வுதான், ஆனால் எச்சரிக்கை தெளிவானது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்குவதும் வேகமாக ஊதி வெளியேற்றுவதும் வேண்டாம். கண் அழுத்த நோய் உள்ளவர்கள் தலையைத் தாழ்த்தும் நிலைகளை விட்டுவிட வேண்டும். வெறும் வயிற்றில்தான் யோகா என்ற விதியை இன்சுலின் போடுகிறவரும், சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை சாப்பிட்டவரும் அப்படியே பின்பற்றினால் சர்க்கரை இறங்கி மயங்கி விழலாம். பாதம் மரத்துப்போனவர் மொட்டை மாடியின் சுடும் தளத்தில் வெறுங்காலோடு நின்றால், கொப்புளம் வந்ததே தெரியாது.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு நியாயமான கேள்வி எழும்: இது ஃபிசியோதெரபிதானே, யோகா என்று ஏன் பெயர்? அசைவுகளைப் பொறுத்தவரை இரண்டும் பெருமளவு ஒன்றுதான், ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. உறுப்பு என்ன வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று பார்த்து மறுவாழ்வு கொடுக்கும் வழக்கத்தை இந்தப் பகுதியே நாட்டுக்குக் காட்டியிருக்கிறது. இயந்திரத்தில் நசுங்கிய தொழிலாளர்களின் கைகளைச் சீர்செய்து, அவற்றை மறுபடி வேலைக்குத் தயார்படுத்தத் தனித் துறையையே வளர்த்த மருத்துவமனை ஸ்டான்லி. யோகா கூடுதலாகக் கொண்டுவருவது மூச்சும், மனதை அமர்த்தும் பழக்கமும், மருத்துவமனைக்கு வெளியே தினமும் தொடர்வதற்கான ஒரு காரணமும். பயிற்சியை ஒரு வாரம் செய்து விட்டுவிடுவதுதான் நாள்பட்ட வலியில் பெரிய தோல்வி. கோயிலுக்குப் போவது போல, விளக்கேற்றுவது போல, இதையும் ஒரு நித்திய ஒழுங்காக ஏற்கும் மனம் நம் மக்களிடம் இருக்கிறது. அதைப் பயன்படுத்திக்கொள்வதில் தவறில்லை. ஃபிசியோதெரபிஸ்டும் யோகா மருத்துவரும் ஒருவர் இடத்தை இன்னொருவர் பறிப்பதாக நினைப்பதை விட்டால் நோயாளிக்கு லாபம்.

இன்னொரு மறுப்பு: நாள் முழுக்க உடம்பை வளைத்து வேலை செய்கிறவருக்கு எதற்குத் தனியாகப் பயிற்சி? உழைப்பும் பயிற்சியும் உடம்புக்கு ஒன்றல்ல. ஒரே பக்கமாக, ஓய்வில்லாமல், வேகத்தைத் தான் தீர்மானிக்க முடியாமல் செய்யும் அசைவு தசையை வளர்க்காமல் தேய்க்கிறது. 17 ஆய்வுகளில் ஏறக்குறைய 1.94 லட்சம் பேரைத் தொகுத்து 2018-ல் வந்த மதிப்பாய்வு, கடும் உடலுழைப்பு வேலை செய்யும் ஆண்களுக்கு முன்கூட்டியே இறக்கும் வாய்ப்பு 18 சதவீதம் கூடுதல் என்றது. வேலையின் பங்கு எவ்வளவு, வறுமையின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம். இதை மறுக்கும் தரவுகளும் பின்னர் வந்தன. ஆனாலும், உழைப்பாளியின் உடம்பு தானாகவே நலமாக இருக்கும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. வலது தோளில் முப்பது வருடம் சுமந்தவருக்கு வேண்டியது இடது பக்கத்தின் அசைவும், இரண்டு பக்கத்துக்கும் ஓய்வும்.

மிகக் கனமான மறுப்பு தொழிற்சங்கத்தார் பக்கமிருந்து வரும். மூட்டையின் எடை, நிற்கும் நேரம், ஒப்பந்தத் தொழிலாளிக்கு விடுப்பில்லாமை இவைதான் வலிக்குக் காரணம் என்றால், தொழிலாளியைப் பார்த்து “மூச்சை இழுத்து விடு” என்பது காரணத்தை மறைப்பதாகாதா? மறைக்கும், யோகாவை அதற்குப் பதிலாகக் கொடுத்தால். ஒருவர் கையால் தூக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு பரிந்துரைத்தது 1967-ல். சிமென்ட் மூட்டை இன்றும் அந்த எல்லையை ஒட்டி 50 கிலோவில் நிற்கிறது. கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது 2021-ல்தான். பழைய வண்ணாரப்பேட்டை துணிக்கடைகளில் நாள் முழுக்க நிற்கும் பெண்களுக்கு எந்த ஆசனத்தையும்விட முதலில் வேண்டியது அந்த நாற்காலி. சுமையைக் குறைக்கும் போராட்டமும் நடக்க வேண்டும், இ.எஸ்.ஐ. சிகிச்சையும் இழப்பீடும் கிடைக்க வேண்டும். ஆனால் ஏற்கனவே தேய்ந்த முட்டியோடு இன்று காலை எழுந்திருக்க வேண்டிய மனிதருக்கு, சட்டம் நிறைவேறும் வரை காத்திரு என்று சொல்வதும் நியாயமில்லை.

ஆளுக்கு ஆள் வகுத்துக் கொடுப்பதென்றால் செலவாகாதா என்பது மீதமிருக்கும் கேள்வி. தனியாரிடம் போனால் ஆகும். ஆனால் தேவையான கூறுகள் அரசிடமே தனித்தனியாக இருக்கின்றன. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஃபிசியோதெரபியும் வலி தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. அரும்பாக்கத்தில் 2000 முதல் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி ஐந்தரை ஆண்டுப் படிப்பு படித்த மருத்துவர்களை உருவாக்குகிறது. அரசு மருத்துவமனைகளில் அவர்களுக்குப் பிரிவுகளும் உண்டு. இவை இரண்டும் ஒரே நோயாளியின் ஒரே அட்டையில் சந்திக்க வேண்டும். முதல் முறை வீட்டுக்குப் போகிறவர் கட்டிலின் உயரம், கழிப்பறை, படி, சாப்பிடும் மாத்திரை ஆகியவற்றைப் பார்த்து நாலு அசைவுகளை எழுதிக் கொடுக்கட்டும். மாதம் ஒருமுறை மாற்றட்டும். ஒரே குறை உள்ளவர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்தால் நாற்காலி வகுப்பு நடத்தலாம். காலை ஆறு மணி வகுப்பு காசிமேட்டுப் பெண்களுக்கு உதவாது, அது ஏல நேரம். மதியம் வியாபாரம் ஓய்ந்த பிறகு வைக்க வேண்டும். ஆலையில் ஷிப்டு முடிந்து வருகிறவர்களுக்கு வாரத்துக்கு வாரம் நேரம் மாறும். எண்ணூரிலும் மணலியை ஒட்டிய தெருக்களிலும் சாம்பலும் புகையும் படியும் நாட்களில் திறந்தவெளியில் பிராணாயாமம் சொல்லிக்கொடுப்பது நுரையீரலுக்குச் செய்யும் துரோகம். ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து மெதுவாக மூச்சு விட்டால் போதும். ஆஸ்துமா உள்ளவர் பஃப்பைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

வகுப்பைத் தேடிப் போகிறவர்கள் ஆசிரியரிடம் சேரும் முன் சிலவற்றைக் கவனிக்கலாம். நோய் பற்றியும் மாத்திரை பற்றியும் தொழில் பற்றியும் கேட்டாரா? தரையில் உட்கார முடியாது என்றால் உடனே வேறு வழி காட்டினாரா, அல்லது “பழகிடும்” என்றாரா? வலி கூடினால் என்ன செய்ய வேண்டும் என்று சொன்னாரா? டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்தச் சொன்னாரா? கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்பது பதிலானால், கட்டிய பணம் போனாலும் பரவாயில்லை, அங்கே மறுநாள் போக வேண்டாம்.